எண்ணெய்த் தாளில் எடுத்த கோடு

தம்பி, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே. வேலை முடிந்து அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து வாசி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ மூன்று சொல்லுவாய், கடைசியில் சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன். இது சிரித்துக் கலைத்துவிடக் கூடாத விஷயம். உன் ஆராய்ச்சி அறிக்கையில் கையெழுத்து வைக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றாய். பதிவுத் தபால் பத்து நாளில் வந்துவிடும் என்று தபால் கந்தோரில் சொன்னார்கள். உறையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்டார்கள். இப்போது எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிறார்கள். ரேடியோவில் மணிக்கு ஒரு தடவை, வடக்கில் ஆமி பிடித்த ஊர்களின் பெயர் சொல்கிறார்கள். மாத்தளை வீதியில் எல்லாரும் காதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நடக்கிறோம். ஒரு பழைய தாளும் கடிதமும்தான் என்றேன், விட்டுவிட்டார்கள். அந்தத் தாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன ஞாயிறு நீ பேசியது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அம்மா, இருவது கேஸ்ல நாலு கேஸுக்கு டாக்டர் போட்ட கோடு ரம்பப் பல்லு மாதிரி இருந்துச்சு. அவரு லீவுல போயிட்டாரு. நானே கொஞ்சம் நீவி விட்டுட்டேன். ஒண்ணும் ஆகாதும்மா. அதுக்கப்புறம் பாருங்க, எங்க மொறை சும்மா பறக்குது!" என்றாய். நான் "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து, வாடை கூடம் வரை வந்த பிறகுதான் எழுந்தேன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அதே மாதிரி, அதே உற்சாகத்தில், ஒரு கோட்டைக் கொஞ்சம் நேராக்கினேன். அது உன் தாத்தாவின் கழுத்தில் இருந்த கோடு.

உன் வேலையைப் பற்றி நீ அனுப்பிய குறிப்புகளை நான் அகராதி வைத்துக்கொண்டு வாசித்தேன் என்பது உனக்குத் தெரியும். பூகோள டீச்சருக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவு புரிந்தது. புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. ஸ்கேன் படத்தில் புற்றுக் கட்டியைச் சுற்றி டாக்டர் ஒரு கோடு போடுகிறார். முதுகுத் தண்டைச் சுற்றி ஒன்று, உமிழ்நீர்ச் சுரப்பியைச் சுற்றி ஒன்று. கட்டிக்கு இவ்வளவு கதிர் போக வேண்டும், தண்டுக்கு இதற்கு மேல் போகக் கூடாது, சுரப்பியை முடிந்த மட்டும் விட்டுவிட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார். கதிரை நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து, எந்தக் கீற்றுக்கு எவ்வளவு பலம் என்று கண்டுபிடிப்பது கணினியின் வேலை. அதைக் கண்டுபிடிக்கப் பல வழிகள் இருக்கின்றன. அதில் இரண்டைத்தான் நீ ஒப்பிட்டுப் பார்க்கிறாய். உங்களுடைய வழி, தண்ணீர் மாதிரி எப்போதும் பள்ளத்தைப் பார்த்தே இறங்குகிறது. சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் நாவுலப் பக்கம் வயல் வரப்பில் தேங்குகிற தண்ணீர் போலச் சின்னப் பள்ளத்திலேயே நின்றுவிடவும் கூடும். மற்ற வழி, கண்டபடி தாவிப் பார்க்கிறது. சில நேரம் வேண்டுமென்றே மேட்டிலும் ஏறுகிறது, அப்பால் இதைவிட ஆழமான பள்ளம் இருக்கலாம் என்று. போகப்போகத்தான் அதன் தாவல் அடங்கும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். எது நல்ல திட்டம் தருகிறது, எது நேரத்துக்குள் தருகிறது என்பதுதான் உன் கேள்வி. உன் அறிக்கையைப் பார்த்துத்தான் நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரி எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கப் போகிறது.

இதை வாசித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. உன் தாத்தாவின் தொண்டைப் புற்றுக்குக் கதிர் கொடுத்த காலத்தில் இந்தக் கீற்றுகள் எல்லாம் கிடையாது. சதுரமாக ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். தொண்டையோடு சுரப்பியும் வெந்து, வாயில் எச்சில் வற்றிப்போய், ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார். சுரப்பியை விட்டுவிடு என்று கணினிக்குச் சொல்லலாம் என நீ சொன்ன நாளில் நான் சுவாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். ஆனால் ஒன்று கவனித்தேன். உன் இரண்டு வழிகளுமே கோட்டைக் கேள்வி கேட்பதில்லை. தாவினாலும் சரி, இறங்கினாலும் சரி, கோடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கட்டி இருக்கிறது என்று இரண்டும் நம்பிவிடுகின்றன.

தாத்தா யட்டவத்தப் பக்கத்துக் கொக்கோத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. நீ அவரைப் பார்த்ததில்லை. காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பிரட்டில் அவர் பெயர்களைக் கூப்பிட்டால் கடைசி லயத்து வீடு வரை கேட்கும். அந்தக் குரல்தான் முதலில் போனது. எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். சிங்களமும் கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்தது வீட்டில் நான் ஒருத்திதான், அதனால் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு நானே கூடப் போனேன். கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி. ஆறு வாரம், வாரத்தில் ஐந்து நாள். வார்டில் கட்டில் இல்லை என்றார்கள். சொந்தக்காரர் ஒருவருடைய கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போய், ஞாயிறு திரும்ப வேண்டும். சனிக்கிழமைப் பிரட்டில் தலைகாட்டாவிட்டால் வேலை போய்விடும், வேலை போனால் வீடும் போய்விடும். பையில் எப்போதும் என் பூகோளப் புத்தகம் இருக்கும். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து நதிகளைப் பாடமாக்குவேன்.

முதல் நாள் அப்பாவைப் படுக்க வைத்து, முகம் மேலே பார்க்க நாடியைத் தூக்கி, கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்தில் இரண்டு சிலுவைக் குறி. மெஷின்காரர் என்னிடம் சிங்களத்தில் சொன்னார்: "இதை அழிக்கக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. மங்கினால் எங்களிடம்தான் வர வேண்டும்." நான் தலையாட்டி, அதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட பிள்ளை நான்.

கடைகள் எரிந்த எண்பத்து மூன்றாம் வருடத்துக்கு இரண்டு வருடம் முந்திய காலம் அது. ஆனால் வாடை அப்போதே வந்துவிட்டது. அந்த வருடமும் சில இடங்களில் அடித்தார்கள், லயங்களைக் கொளுத்தினார்கள். அவசரகாலச் சட்டம். முதல் வெள்ளிக்கிழமை, வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தி ஆண்களை எல்லாம் இறக்கினார்கள். அப்பா கழுத்தில் துவாய் சுற்றியிருந்தார். ஒரு ஆமிக்காரன் துப்பாக்கி முனையால் துவாயைத் தூக்கினான். ஊதாக் கோட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "மேக்க மொகத?" என்று கேட்டான். இது என்ன என்றுதான். அப்பாவால் பேச முடியவில்லை, காற்றுத்தான் வந்தது. நான் ஜன்னல் வழியே கத்தினேன், புற்றுநோய்க்கு வைத்தியம் என்று. அவன் பெருவிரலால் கோட்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு மற்றவனிடம் சொன்னான், "கொட்டியாவுக்குக் கோடு போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்." கொட்டியா என்றால் புலி. இருவரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டிய பிறகு அப்பாவை விட்டார்கள். அவருக்குப் பக்கத்தில், முழங்காலில் தழும்போடு நின்ற ஒரு பையனை விடவில்லை. பஸ் அவனில்லாமல் கிளம்பியது. அவனுடைய பை என் காலடியில் இருந்தது. மாத்தளையில் கண்டக்டர் அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

அன்று லயத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு செல்லம்மாக்கா சொன்னார், "ஏன் புள்ள, இந்தக் கோலத்தோட மறுபடியும் பஸ்ஸேத்துறியா? இன்னைக்கு அட்டையப் பார்த்தான், விட்டான். நாளைக்கு எழுத்துத் தெரியாதவன் வந்தா?" அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. மெல்லிய தாளில் தேங்காயெண்ணெய் தடவி ஒளி ஊடுருவ வைத்து, இலங்கைப் படத்தின் மேல் போட்டுக் கோடு எடுப்போமே, அது மாதிரி. வகுப்பில் என் படம்தான் எப்போதும் சுவரில் தொங்கும். படுத்திருந்த அப்பாவின் கழுத்தில் தாளை விரித்து, காதுக்குக் கீழே இருந்த மச்சத்தையும் காறையெலும்பையும் அடையாளமாக வைத்து, எல்லாக் கோட்டையும் எடுத்தேன். பிறகு பஞ்சில் எண்ணெய் தொட்டு மையைத் துடைத்தேன். தோல் வெந்திருந்ததால் அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "என்ன பாப்பா," என்றார் காற்றுக் குரலில், "அப்பனை ரோட்டு மேப்பு ஆக்கிட்டியா?" இருவரும் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் பஸ் நின்றது, துவாயைத் தூக்கிப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமைக் காலையில் கடைக்குப் பின்னறையில், ஜன்னலோரம் அப்பாவை முக்காலியில் உட்கார வைத்து, புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைத் தீக்குச்சியில் தொட்டுக்கொண்டு தாளை வைத்தேன். தம்பி, தாள் பொருந்தவில்லை. மச்சத்தைச் சரியாக வைத்தால் கீழ்க்கோடு எலும்பைத் தாண்டிக் கீழே போனது. நான் மறுபடியும் மறுபடியும் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது. கோடு எலும்பைத் தாண்டி இருந்ததாக எனக்கு நினைவில்லை, எலும்புக்குச் சற்று மேலேதான் இருந்தது என்று தோன்றியது. அதனால் தாளைக் கொஞ்சம் சுருக்கி, கீழ்க்கோட்டை ஒரு விரலளவு ஏற்றி, நேராக, அழகாக, ஒரு பிசிறில்லாமல் போட்டேன். மெஷின்காரர் பார்த்துவிட்டு, "கோட்டை நல்லாக் கவனிச்சு வைத்திருக்கிறீங்க, மற்றவங்க எல்லாம் அழிச்சிட்டு வர்றாங்க" என்று என்னைப் பாராட்டினார். என் கோட்டின் மேலேயே புது மையும் பூசினார். அடுத்த வெள்ளியும் எடுத்தேன், துடைத்தேன், திங்கள் போட்டேன். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் தாள் பொருந்தவில்லை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏற்றினேன். முந்திய வாரம் நான் போட்ட கோட்டிலிருந்துதான் அடுத்த வாரக் கோட்டை எடுத்தேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வைத்தியம் முடிந்து மூன்று மாதம் அப்பாவுக்குக் குரல் திரும்பியிருந்தது. பிரட்டில் பெயர் கூப்பிட்டார், சனங்கள் கை தட்டினார்கள். பிறகு கழுத்தின் அடியில், எலும்பை ஒட்டி, ஒரு கட்டி எழும்பியது. மறுபடியும் கொழும்பு. பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் நிதானமான இங்கிலீஷில் கேட்டார், வைத்தியம் நடந்தபோது யாராவது அந்தக் கோடுகளைத் தொட்டார்களா, அழித்துப் போட்டார்களா என்று. அப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை, ஆனால் என் முகம் புரிந்தது. நான் இல்லை என்றேன். டாக்டர் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லு மகள், ஏசமாட்டேன்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் இன்னொரு தடவை கேட்டார். அப்போது அப்பா தலையை ஆட்டி, "இல்லீங்க துரை, யாரும் தொடல்ல" என்றார்.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதைத்தான் நீ கவனிக்க வேண்டும். "கோடு சரியாக இருந்திருந்தால், இந்த நோய் கதிருக்கு அடங்கவில்லை என்று அர்த்தம். இனிக் கதிர் கொடுத்துப் பிரயோசனமில்லை" என்றார். அதை அட்டையிலும் எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அந்தப் பேனா தாளில் ஓடிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கோடு பிழை என்று சொல்லியிருந்தால், கதிர் படாத இடத்துக்கு அவர் மறுபடியும் கதிர் கொடுத்துப் பார்த்திருப்பார். அப்பா பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதை யாரும் பார்க்க முடியாதபடி நான் செய்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்மளால ஒனக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாப்பா" என்றார். அடுத்த கொக்கோக் காய் பறிப்புக்கு அவர் இல்லை.

இவ்வளவு காலமும், நான் கோடு போட்டதால்தான் அப்படி ஆனதா என்று எனக்குச் சந்தேகம்தான் இருந்தது. பார்த்துப் பார்த்துத்தானே போட்டேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். போன வருடம் நீ, நோயாளியின் முகத்துக்கு ஏன் வலை மாதிரி ஒரு மூடி செய்கிறார்கள் என்று விளக்கினாய். "படுத்த நெலையில எடுத்தத உக்கார வச்சுப் பார்த்தா பொருந்தாதும்மா. தோலு அவ்வளவு நகரும்" என்று போகிற போக்கில் சொன்னாய். நான் அன்று பழைய பூகோளப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அதற்குள் இருந்த முதல் வாரத் தாளோடு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பிறகு கட்டிலில் படுத்து நாடியைத் தூக்கினேன்; உட்கார்ந்தபோது எலும்பைத் தாண்டிய கீழ்க்கோடு எலும்புக்கு மேலே ஏறி நின்றது. அப்போதுதான் தெரிந்தது. தாள் சரி. நான்தான் பிழை. பொருந்தாத தாள் எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

இப்போது உன் நாலு கேஸுக்கு வருகிறேன். அந்தக் கோடு ஏன் ரம்பப் பல் மாதிரி இருந்தது? டாக்டரின் கை நடுங்கியிருக்கலாம். மௌஸ் சறுக்கியிருக்கலாம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் நோய் அப்படித்தான் பல் பல்லாக உள்ளே போயிருக்கலாம். உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தவர் லீவில் இருக்கிறார். நீவிவிட்ட பிறகு உங்கள் வேகமான வழி ஜெயித்தது என்கிறாய். நேரான கோட்டில் பள்ளம் ஒன்றுதான் இருக்கும், இறங்குகிற தண்ணீர் ஜெயிக்கத்தான் செய்யும். கோணல் கோட்டில் அல்லவா தாவிப் பார்க்கிற வழிக்கு வேலை? அந்த நாலு கேஸும் பழைய நோயாளிகளுடையவை, இனி அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பாய். உண்மைதான். ஆனால் உன் அறிக்கையை நம்பி அந்த வழியைப் பொருத்தப்போகிற மெஷினில், நாளை ஒரு கணக்கப்பிள்ளை வந்து படுப்பார். அவருக்கு நோய் திரும்பினால், கோடு சரி, வழியும் சோதித்த வழி, ஆகவே நோய்தான் அடங்கவில்லை என்று ஒரு டாக்டர் எழுதுவார்.

தப்புச் செய்யாதே என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் கோடு போட்டதைக்கூட என்னால் மன்னிக்க முடிகிறது. பயத்தில், பாசத்தில், பதினாறு வயதில் செய்தது. கேட்ட இடத்தில் இல்லை என்றதைத்தான் இருபத்தெட்டு வருடமாக என்னால் விழுங்க முடியவில்லை. உன்னிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் அது பொய்யாகாது. அந்த டாக்டர் எந்தக் கடற்கரையில் இருந்தாலும் கூப்பிடு. பழைய கோட்டையும் நீ நீவிய கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு. அவர் சொல்கிற கோட்டில் இரண்டு வழிகளையும் முதலிலிருந்து ஓட்டு. அந்த மெதுவான வழி ஜெயித்தால் அதையும் எழுது. உன் பேராசிரியர் முகம் சுளிப்பார், பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். போகட்டும். உன்னால் எனக்கு ஒரு பேச்சு வந்தால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

இதோடு அந்தத் தாளை வைத்திருக்கிறேன். எண்ணெய் காய்ந்து மஞ்சளாகி, மடிப்பில் உடைகிறது, கவனமாக விரி. மேலே இடது பக்கம் சின்ன வட்டம் தாத்தாவின் மச்சம். அடியில் வளைந்து போவது அவருடைய காறையெலும்பு. நீளக் கோடு நான் எடுத்தது. உன் காதுக்குக் கீழே பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள். முதலில் கட்டிலில் படுத்து, நாடியைத் தூக்கி, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தாளைப் புள்ளியில் வைத்துப் பார். பிறகு எழுந்து உட்கார்ந்து, அதே புள்ளியில் வைத்துப் பார். கீழ்க்கோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல் வைத்து அளந்துகொள். அந்த விரலை எடுப்பதற்குள் மற்றக் கையால் டாக்டருக்குப் போன் போடு.

அம்மா